துப்பாக்கி வீரனும் மாட்டுக்காரனும்

கதை படிப்பதெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் நம்மிடையே பலர் உளர். நாம் அங்ஙனம் கருதவில்லை. ஒரு சமூகம் எவனை வீரன் என்று கொண்டாடுகிறது என்பதை அதன் சட்டப் புத்தகத்தைவிடக் கதைப் புத்தகமே தெளிவாகக் காட்டிவிடும். அண்மையில் நாம் படித்த ஒரு நாவலைக் குறித்தும், அதன் பின்னே மறைந்து கிடக்கும் சரித்திரத்தைக் குறித்தும் நமது வாசகர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

நாவலின் பெயர் 'தி கன்ஸ்லிங்கர்'. தமிழில் 'துப்பாக்கி வீரன்' என்னலாம். இயற்றியவர் அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங். 1970-ஆம் ஆண்டில், இருபத்திரண்டு வயது இளைஞராயிருந்தபோது அவர் இதனை எழுதத் தொடங்கினார். 1978 முதல் 1981 வரை ஐந்து பகுதிகளாகப் பத்திரிகையில் வெளிவந்து, 1982-இல் இது நூலாயிற்று. ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் பிரௌனிங் 1855-இல் வெளியிட்ட ஒரு பாட்டும், இத்தாலியரான செர்ஜியோ லியோனி 1966-இல் எடுத்த ஒரு கௌபாய்ப் படமுமே இக்கதைக்கு வித்து என்று ஆசிரியரே கூறியிருக்கிறார்.

கதை இது: பாழடைந்து தேய்ந்துபோன ஓர் உலகம். அதிலே துப்பாக்கி வீரர் குலத்தில் எஞ்சி நிற்பவன் ரோலண்டு ஒருவனே. கறுப்பங்கி அணிந்த மந்திரவாதி ஒருவனைத் துரத்திக்கொண்டு அவன் பாலைவனத்தைக் கடக்கிறான். வழியிலுள்ள டல் என்னும் சிற்றூரில் மதப்பிரசங்கம் செய்யும் ஒருத்தி ஊராரை அவன்மேல் ஏவிவிடுகிறாள். ஆண், பெண், குழந்தை என்று பாராமல் ஊர் முழுவதையும் அவன் சுட்டு வீழ்த்துகிறான். பின்னர் ஜேக் என்னும் சிறுவன் அவனுக்குத் துணையாகிறான், மகன்போல் ஒட்டிக்கொள்கிறான். மலையின் அடியிலே, இருளில், இற்றுப்போன இருப்புப்பாதைப் பாலத்தில் அச்சிறுவன் தொங்குகிறான். கை கொடுத்தால் சிறுவன் பிழைப்பான்; ஆனால் மந்திரவாதி தப்பிவிடுவான். வீரன் மந்திரவாதியைத் தொடர்ந்து நடக்கிறான். சிறுவன் பாதாளத்தில் வீழ்கிறான்.

இவ்விடத்தில் நாம் நூலை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் வாளாவிருந்தோம். நமக்கு அச்சமூட்டியவன் மந்திரவாதி அல்லன், கதாநாயகனே. அவன் துப்பாக்கி தந்தை வழியாக வந்தது. வீரம் அவனுக்குக் குலச்சொத்து. பிறப்பினால் பெற்ற ஆயுதமும், இலட்சியம் என்ற பெயரும் ஒருவனிடம் சேர்ந்தால், ஒரு குழந்தையின் உயிரும் அவனுக்குக் கடந்து செல்லவேண்டிய ஒரு படியாகிவிடுகிறது. இதற்குப் பொன்முலாம் பூசாமல் உள்ளது உள்ளபடியே காட்டியது ஆசிரியரின் நேர்மை.

நிற்க. இத்தகைய துப்பாக்கி வீரன் உண்மையில் வாழ்ந்தானா? சரித்திரத்தைப் புரட்டினால் அங்கே நாம் முதலில் காண்பது வீரனையன்று. ஒரு கூலியாளையே காண்கிறோம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தது. டெக்ஸாஸ் வெளிகளில் மாடுகள் மலிந்து கிடந்தன. வடக்கு நகரங்களிலோ இறைச்சிக்குப் பெரும் கிராக்கி. 1867-இல் கான்சாஸ் நாட்டு அபிலீன் ஊரில் இருப்புப்பாதையை ஒட்டி மாட்டுக்கொட்டடிகள் கட்டப்பட்டன. அதுமுதல் பத்துப் பன்னிரண்டு ஆட்கள் இரண்டாயிரம், மூன்றாயிரம் மாடுகளை மாதக்கணக்கில் ஓட்டிச் செல்வது வழக்கமாயிற்று. அவ்வாட்களே கௌபாய்கள். புழுதியும் மழையும் தூக்கமின்மையுமே அவர்கள் கண்ட வீரவாழ்வு. மாதக்கூலி ஏறத்தாழ 25 முதல் 40 டாலர். அவர்களுள் கறுப்பினத்தாரும் மெக்சிகோக்காரரும் பெருந்தொகையினர். ஆயினும் வெள்ளித்திரையில் அவர்களைக் காண்பது நெடுங்காலம் அரிதாயிருந்தது.

மாட்டுப் பண்ணையில் இலாபம் உண்டென்று தெரிந்ததும் தூரதேசத்துப் பணம் வந்து குவிந்தது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்து முதலாளிகள் 1882-இல் மேட்டடோர் என்னும் கம்பெனியை நிறுவி டெக்ஸாஸ் மாடுகளுக்கு உடைமையாளராயினர். மாட்டின் முகத்தையே காணாத பங்குதாரர்க்குக் கணக்கு அனுப்பப்பட்டது. கடல் கடந்த கம்பெனிகளின் கீழ் ரப்பர் மரம் சீவிய பரம்பரையினரான நமக்கு இவ்வேற்பாட்டை விளக்க வேண்டுவதில்லை. முன்பெல்லாம் வேலையாள் தனக்கென்று சில மாடுகள் வைத்துக்கொள்ளலாம். புதிய உடைமையாளர் பலர் அவ்வுரிமையையும் பறித்தனர்.

அதன் விளைவாக 1883-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில், டெக்ஸாஸின் வடகோடியில், பெரும் பண்ணைகளைச் சேர்ந்த 24 மாட்டுக்காரர் ஒன்றுகூடிக் கையெழுத்திட்டனர். மாதக்கூலி 50 டாலர் வேண்டும். நல்ல சமையற்காரனுக்கும் அதே 50 டாலர் வேண்டும். இன்றேல் மார்ச் 31-க்குப்பின் வேலை இல்லை என்றனர். அன்பர்களே, சமையற்காரனையும் மறவாத அந்தக் காகிதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள்! இடுப்பில் துப்பாக்கி தொங்கியவர்கள் முதலாளிமுன் நீட்டியது துப்பாக்கியையன்று. நியாயம் கேட்கும் ஒரு விண்ணப்பத்தையே.

வேலைநிறுத்தம் சில மாதங்களில் முறிந்தது. பசித்த வேறு ஆட்கள் அவ்வேலைக்கு எளிதாகக் கிடைத்தனர். அடுத்த ஆண்டே, 1884-இல், அப்பகுதிப் பண்ணை முதலாளிகள் மாட்டுத் திருட்டை ஒடுக்குவதாகச் சொல்லி ஒரு துப்பாக்கிப் படையை அமைத்தனர். அதற்குத் தலைவனாக வந்தவன் பாட் காரெட். 'பில்லி தி கிட்' என்பவனை 1881-இல் சுட்டுக் கொன்று புகழ்பெற்றவன் அவனே. துப்பாக்கி வீரன் சரித்திர மேடையில் எப்பக்கத்திலிருந்து நுழைகிறான் என்பதை வாசகர்கள் கவனிக்க.

இதனினும் கொடியது வயோமிங் நாட்டில் 1892-இல் நடந்தது. பெரும் மாட்டுப் பண்ணையார்கள் டெக்ஸாஸிலிருந்து துப்பாக்கிக்காரர்களைக் கூலி பேசி ரயிலேற்றிக் கொணர்ந்தனர். கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப்பட்டியலும் உடன் வந்தது. ஏப்ரல் 9-ஆம் நாள் நேட் சாம்பியன் என்னும் சிறு மாட்டுக்காரனின் குடிசையைச் சூழ்ந்து சுட்டார்கள், தீ வைத்தார்கள், வெளியே ஓடிவந்தவனைக் கொன்றார்கள். குண்டுமழையின் நடுவே அவன் ஒரு சிறு குறிப்பேட்டில் தன் கடைசி மணிநேரங்களை எழுதிவைத்தான். கொதித்தெழுந்த ஊரார் வந்து கொலையாளிகளை வளைத்துக்கொண்டனர். ஆனால் அரசாங்கக் குதிரைப்படை வந்து அவர்களை மீட்டுச் சென்றது. ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை.

பத்தாண்டு கழித்து, 1902-இல், ஓவன் விஸ்டர் 'தி வர்ஜீனியன்' என்ற நாவலை எழுதினார். அதுவும் வயோமிங் கதையே. அதன் நாயகன் பண்ணையாரின் பக்கம் நிற்பவன். பின்னர் மேற்பார்வையாளனாக உயர்பவன். மாடு திருடினான் என்று தன் நண்பனையே தூக்கிலிடும் கூட்டத்தை முன்னின்று நடத்துபவன். அவனே அழகன், அவனே நியாயவான்! ஜனங்கள் அந்நூலைக் கொண்டாடினர். அவ்வச்சில் வார்க்கப்பட்ட உருவமே பிற்காலத்துத் திரைப்படங்கள் பலவற்றில் குதிரையேறி வந்தது. நம்மவரும் இளமையில் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படங்களில் அவ்வுருவத்தைக் கண்டு கைதட்டினோம். ஐம்பது டாலர் கேட்டவர்களைப் பற்றி அத்திரை நமக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இச்சரித்திரத்தோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் கிங் எழுதிய நாவலின் பெருமை விளங்குகிறது. விஸ்டர் துப்பாக்கிக்குச் சூட்டிய மாலையை இவர் கழற்றி எறிகிறார். வீரனின் பின்னே கிடக்கும் பிணங்களை நம்மைக்கொண்டே எண்ணவைக்கிறார். ஆயினும் ஒரு குறையையும் நாம் சொல்லாதிருக்க முடியாது. நாவலில் இருளுக்கு அதிபதி ஒரு மந்திரவாதி. சரித்திரத்திலோ அவ்விருளை உண்டாக்க மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கணக்குப் புத்தகமும், ஒரு பெயர்ப்பட்டியலும், கூலி வாங்கிச் சுடும் சில ஆட்களுமே போதுமானவையாயிருந்தன. மந்திரவாதியைக் கண்டு அஞ்சுகிறவன் கணக்குப் புத்தகத்தைக் கேள்வி கேட்க மறந்துவிடுவான்.

ஆதலின் நமது இளைஞர்கள் இத்தகைய நூல்களைப் படிக்கட்டும், படங்களையும் பார்க்கட்டும். வேண்டாமென்று தடுப்பது அறிவுடைமையன்று. ஆனால் கையில் துப்பாக்கியுடன் ஒருவன் குதிரையேறி வரும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கைதட்டட்டும்: இவனுக்குக் கூலி கொடுப்பவன் யார்? இவன் கைவிட்டதனால் பாதாளத்தில் வீழ்ந்த சிறுவன் யார்?