எலிவழி நோய்களும் வெளிவேலைத் தொழிலாளர் பாதுகாப்பும்: காலாப்பட்டு

ஸ்க்ரப் டைபஸ், எலிக்காய்ச்சல் ஆகிய இரண்டும் தோப்பு, வயல், வாய்க்கால் ஆகிய இடங்களில் வேலை செய்வோரை அதிகம் தாக்கும் பாக்டீரியா நோய்கள். இரண்டுமே எலிகளோடு தொடர்புடையவை. ஆனால் மனிதரை வந்து சேரும் வழி வேறு என்பதால் காத்துக்கொள்ளும் முறையும் வேறுபடுகிறது.

இடமும் ஆய்வும்

புதுச்சேரி நகருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது காலாப்பட்டு. முந்திரி, சவுக்குத் தோப்புகளும் புதர்க்காடும் நிறைந்த வட்டாரம் இது. 1985இல் நிறுவப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகமும் புதுச்சேரி மருத்துவ அறிவியல் நிறுவனமும் (பிம்ஸ்) இங்கு அமைந்துள்ளன. புதுச்சேரியில் பரவிய ஸ்க்ரப் டைபஸ் பற்றி பிம்ஸ் மருத்துவர்கள் 2010இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அந்நோய்க்கிருமி புதுச்சேரிப் பகுதி எலிகளிடமும் மூஞ்சூறுகளிடமும் இருப்பதைப் புதுச்சேரியின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. மூஞ்சூறு தோற்றத்தில் எலியைப் போன்றது. ஆயினும் எலி இனம் அன்று.

பரவும் விதம்

ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது எலி அன்று; எலியின் உடலில் ஒட்டி வாழும் உண்ணியின் இளம்பருவமே. கண்ணுக்கு எளிதில் தெரியாத இந்தச் சிற்றுண்ணி புல் நுனியிலிருந்து மனித உடலில் ஏறிக் கடிக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமியோ எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருந்து, காலிலுள்ள வெடிப்பு, புண் வழியாக உடலுக்குள் நுழைகிறது.

அறிகுறிகள்

ஸ்க்ரப் டைபஸில் கடுமையான காய்ச்சலும் தலைவலியும் இருக்கும். கடிபட்ட இடத்தில் சிகரெட்டால் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு தோன்றலாம். அது வலிப்பதில்லை, அரிப்பதும் இல்லை. அக்குள், தொடை இடுக்கு, பாவாடை நாடா கட்டும் இடுப்பு என மறைவான இடங்களில் இருப்பதால் நோயாளியே அதை அறியாமல் போவதுண்டு. எலிக்காய்ச்சலில் கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், மஞ்சள் காமாலை ஆகியவை காணப்படலாம்.

பாதுகாப்பு

புதர் வெட்டுவோர் முழுக்கைச் சட்டை அணிந்து, கால்சட்டையின் ஓரத்தைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். பூச்சிவிரட்டிக் களிம்பும் பூசலாம். வெறும் தரையில் படுப்பதையும், கழற்றிய துணியைப் புல்மேல் போடுவதையும் தவிர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்திய துணியைத் துவைக்க வேண்டும். சேற்றில் இறங்குவோருக்கு ரப்பர் பூட்ஸும் கையுறையும் தேவை. புண்ணுக்கு நீர் புகாத கட்டுப் போட வேண்டும். இந்தப் பாதுகாப்புப் பொருள்களை வாங்கித் தருவது வேலை கொடுப்பவரின் கடமை. எலியை மட்டும் கொன்றால் போதாது. எலி இறந்தால் உண்ணி வேறு உடலைத் தேடும். எனவே புதரையும் சேர்த்தே அகற்ற வேண்டும்.

சிகிச்சை

ஸ்க்ரப் டைபஸுக்குத் தடுப்பூசி இல்லை. பென்சிலின் வகை மருந்துகள் அதற்குப் பயன்படா. விலை குறைந்த டாக்சிசைக்ளின் இரு நோய்களுக்குமே பயன்படுகிறது. அதைத் தாமதமின்றித் தொடங்குவதே உயிரைக் காக்கும். காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போகும் தொழிலாளர், கேட்காவிட்டாலும் தாம் பார்க்கும் வேலையை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.