பெயரும் பதிவேடும்



மனிதரின் பாலையும் காதல் நாட்டத்தையும் குறிக்க இன்று பல பெயர்கள் வழங்குகின்றன. திருநங்கை, திருநம்பி, ஊடுபாலினர், தன்பாலீர்ப்பினர் என அவை நாளும் விரிகின்றன. இத்துணை நுட்பமான பாகுபாடு வேண்டுமா, ஆண், பெண், பிறர் என மூன்று போதாவா என்று கேட்போர் பலர். இவ்வினாவுக்குரிய விடையைப் பெங்களூரு நகரத்தின் அண்மை வரலாற்றில் காணலாம்.

அதற்குமுன் நம் இலக்கணத்தை நோக்குவோம். ஆண்மை திரிந்தோரைத் தொல்காப்பியர் உயர்திணையுள் வைத்தார். ஆயினும் அவர்க்கெனத் தனி விகுதி இல்லை என்றார். கங்கர் குலத்துச் சீயகங்கன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தியாரோ, ஒருவர் எதனை விரும்புகிறார் என்பதைக் கொண்டே பால் வகுத்தார். ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால். பெண்மை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். ஆனால், இவ்விருவரையும் அஃறிணைபோல் கூறுதலும் ஆகும் என்று அவரே சேர்த்துரைத்தார். விருப்பத்தை மதித்த அதே நூற்பா, மனிதரை மனிதரல்லாதாரோடு சேர்க்கவும் இடந்தந்தது. பெயரிடுதலின் இருமுகமும் அங்கேயே தோன்றிவிட்டன.

ஆங்கிலேயர் 1871-இல் இயற்றிய குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வடநாட்டில் இம்மக்களின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் எழுதப் பணித்தது. அவ்வேற்பாடு ஆங்கிலேயரோடு மறைந்ததென்று எண்ணுவோம். ஆனால், 2011-இல் கர்நாடகக் காவல் சட்டத்தில் 36-ஏ என்னும் பிரிவு புகுத்தப்பட்டது. ஐயத்திற்குரியோர் என்று கருதப்படும் அலிகளின் பெயரையும் முகவரியையும் பதிந்து வைக்கக் காவல் ஆணையர்க்கு அது அதிகாரம் அளித்தது. சட்டம் எழுதிய சொல்லும் இழிவான அச்சொல்லே. கர்நாடகப் பாலியல் சிறுபான்மையினர் மன்றம் வழக்குத் தொடுத்தது. 2016-இல் அச்சொல்லை அகற்றி, ‘நபர்’ என்னும் பொதுச்சொல்லை அரசு அங்கே அமைத்தது. பெயர் நீங்கியதே அங்கு நன்மையாயிற்று.

இனி மறுபக்கம். அதே 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ‘பிறர்’ என்னும் பகுதி முதன்முறையாக இடம்பெற்றது. அதிற் பதிவானோர் நாடெங்கும் 4,87,803 பேர்; கர்நாடகத்தில் 20,266 பேர். 2014 ஏப்ரல் 15-இல் உச்சநீதிமன்றம், தம் பால் இன்னதென்று தாமே உரைக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டெனத் தீர்ப்பளித்தது. பெங்களூருவின் சங்கமா அமைப்பு தொடர்ந்த வழக்கின் பயனாக, 2021-இல் கர்நாடக அரசுப் பணிகளில் இம்மக்களுக்கு நூற்றுக்கு ஒன்று ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குமுன் காவலரேட்டில் எழுதத் தக்கவராகக் கருதப்பட்டோர்க்கு, இப்போது விண்ணப்பப் படிவத்தில் ஓரிடம் கிடைத்தது. இங்கோ பெயர் இருந்ததே நன்மையாயிற்று.

அங்ஙனமாயின், ஒரு பொதுப்பெயர் போதாதோ? போதாது என்பதற்குச் சான்றுகள் உள. சவுந்தத்தி எல்லம்மனுக்குத் தம்மை ஒப்படைத்த ஜோகப்பாக்களின் வழிபாடும் வாழ்முறையும் நகரத்து ஹிஜிராக்களுடையனவற்றின் வேறு. தமிழ்நாட்டில் கூவாகத்து விழாவை ஒட்டி எழுந்த ‘அரவாணி’ என்னும் பெயர், அரவானை மணப்போரை மட்டுமே சுட்டியது. பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்வோர்க்கு அதில் இடமில்லை. திருநம்பி என்ற சொல் பிறந்த பின்னரே அவர்களும் உளர் என்பது பலர்க்குத் தெரிந்தது. பெயரற்றவரின் குறையைக் கேட்பாரில்லை. நாமக்கல்லிற் பிறந்து பெங்களூருவிற் பணியாற்றிய ரேவதி அவர்கள், திருநங்கையரின் வாழ்க்கையை அவர்தம் சொல்லாலேயே ‘உணர்வும் உருவமும்’ என்னும் நூலாகத் தமிழில் தொகுத்தமை இக்குறையைத் தீர்க்கும் முயற்சியே.

பெயர்கள் பெருகினால் குழப்பம் விளையுமே என்பர். சொல் பெயர்க்கும் தொழிலில் உள்ள எனக்கு அவ்வருத்தம் விளங்காததன்று. எனினும் தக்க சொல் இல்லாதபோது அலுவலகம் வாளாவிருப்பதில்லை. கைக்கெட்டிய வசைச்சொல்லையே எழுதிவிடுகிறது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்களின் ஆணையை ஒட்டித் தமிழ்நாட்டரசு 2022-இல் இதற்கென ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. மதிப்பான சொற்கள் ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் புக அது வழிகோலியது.

ஆகவே, பெயர்கள் எத்துணை என்பது பெரிய வினாவன்று. அப்பெயரை இட்டவர் யார், அஃது எந்த ஏட்டில் எழுதப்படுகிறது என்பனவே பெரிய வினாக்கள். தாமே தேர்ந்த பெயர் உரிமைக்கு வாயிலாகும். பிறர் ஒட்டிய பெயர் விலங்காகும். அயல்மாநிலத்தில் வாழும் நமக்கு இது புதிதன்று. ‘மதராசி’ என்று பிறர் அழைப்பதற்கும் ‘தமிழர்’ என்று நாமே கூறிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் நன்கறிவோம். அவ்வறிவை நம் தெருவில் வாழும் திருநர் மாட்டும் காட்டுவோமாக. அவர் தமக்கு எப்பெயர் கூறுகிறாரோ, அப்பெயராலேயே அவரை அழைப்போமாக.