ஒழுகும் டிரான்சிஸ்டர்

ஆறு மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் உலோகக் குப்பி, அடியில் மூன்று கம்பிக் கால்கள், உடம்பில் ஏசி 128 என்று எழுத்து. பெங்களூரு ஜாலஹள்ளியில் 1954இல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1962இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் செய்யும் வேலையில் இறங்கியது. அந்தக் குடும்பத்துப் பிள்ளை இது. ஏசி 127 என்ற கூட்டாளியோடு ஜோடி சேர்ந்து, ரேடியோவின் கடைசிக் கட்டத்தில் நின்று ஸ்பீக்கரைத் தள்ளுவது இதன் வேலை. இலங்கை வானொலியின் பாட்டும் சேப்பாக்கத்து டெஸ்ட் மேட்ச் வர்ணனையும் காதில் விழுந்ததில் இந்த வகைக் குப்பிகளுக்குப் பங்கு உண்டு. வாங்கியதைச் சிதைக்காமல் பெரிதாக்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

அதே காலத்தில் கடல்தாண்டி ஒருவர் சிதைப்பதற்காகவே ஒரு சுற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961இல் வெளிவந்த ஒரு பாட்டின் ஒலிப்பதிவு. கிரேடி மார்ட்டின் ஆறுதந்தி பேஸ் வாசிக்கும்போது மிக்சிங் மேசையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகி, ஒலி கரகரவென்று வந்தது. அழிக்காமல் அப்படியே விட்டார்கள். பாட்டு ஓடியது, எல்லோருக்கும் அந்தக் கரகரப்பு வேண்டியிருந்தது. மேசையின் பழுதான பகுதியோ முழுதாகவே செத்துப்போயிற்று. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி மூன்று ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களை வைத்து அந்தப் பழுதை ஒரு பெட்டிக்குள் கொண்டுவந்து கிப்சன் நிறுவனத்திடம் கொடுத்தார். 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில், காலால் மிதிக்கும் பெடலாக விற்பனைக்கு வந்தது. மூன்று வருடம் கடைகளில் தூங்கியது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்து ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வாசித்த பிறகு தட்டுப்பாடு.

கிட்டாரிலிருந்து வரும் அலை வளைந்து ஏறி வளைந்து இறங்கும். ஃபஸ் அதை அளவுக்கு மீறிப் பெருக்கி, மின்சாரம் இடம் கொடுக்காத உயரத்தில் தலையையும் அடியையும் சீவிவிடுகிறது. சீவிய அலை கிட்டத்தட்டச் சதுரம். அந்த முனைகளிலிருந்துதான் புது மேல்சுரங்கள் பிறக்கின்றன. நாகஸ்வரத்தின் சீவாளி போல ஓர் உறுமல் கிடைக்கிறது.

1966இல் லண்டனில் ஐவர் ஆர்பிட்டர் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ்தான் இன்று வரை வீட்டில் கட்டுகிறவர்களின் முதல் பாடம். மைக் ஸ்டாண்டின் வட்ட அடித்தட்டைப் பார்த்து அந்தப் பெட்டிக்கு உருவம் கொடுத்தார்களாம். உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெப்பாசிட்டர், இரண்டு குமிழ். ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கால் பட்டதால் புராணமாகிவிட்டது. இந்தியாவிலும் அலை அடித்தது: 1970, 71ஆம் ஆண்டுகளின் சிம்லா பீட் என்ற ராக் இசைப் போட்டிக் குழுக்களின் இசைத்தட்டுகளைக் கேட்டால் ஃபஸ் தாராளமாக உறுமுகிறது.

ரேடியோக்காரர்களோ ஜெர்மானியத்தைக் கைகழுவிக்கொண்டிருந்தார்கள். சிலிக்கான் மலிவு, உறுதி, சூடு தாங்கும். பாரத் எலெக்ட்ரானிக்ஸே 1967இல் சிலிக்கானுக்கு வந்துவிட்டது. ஏசி 128 பழுதுபார்ப்பவர்களின் டப்பாக்களுக்குப் போனது. பழைய சரக்கு சென்னையின் ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் மூலையில் கிடந்தது. இன்று அதே பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) முத்திரைக் குப்பிகளை வெளிநாட்டுப் பெடல் கட்டுகிறவர்கள் இணையத்தில் தேடி வாங்குகிறார்கள். ஸ்பீக்கர் தள்ளப் பிறந்தது, ஓய்வு பெற்றபின் கிட்டாருக்கு வேலைக்குப் போகிறது.

எந்தக் குப்பியும் வேலைக்கு ஆகும் என்று நினைத்தால் பணம் வீண். முதல் சோதனை, அது ஜெர்மானியம்தானா என்பது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டால் 0.2, 0.3 வோல்ட் காட்ட வேண்டும். 0.6க்கு மேல் போனால் பழைய எழுத்து ஒட்டிய சிலிக்கான், திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது லீக்கேஜ். ஜெர்மானியம் மூடிய குழாயிலும் ஒழுகும் சாதி: பேஸ் காலுக்கு ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் கலெக்டரில் கொஞ்சம் மின்சாரம் ஓடும். சாதாரண மல்டிமீட்டர் இந்த ஒழுக்கையும் கெயினோடு, அதாவது பெருக்கும் அளவோடு, சேர்த்துக் கணக்கெழுதி, குப்பியைப் பெரிய ஆளாகக் காட்டிவிடும். அதனால் கட்டுகிறவர்கள் ஒரு சின்னச் சோதனைச் சுற்று வைத்துக்கொள்கிறார்கள். 9 வோல்ட் பேட்டரியின் பாசிடிவ் எமிட்டருக்கு. கலெக்டரிலிருந்து நெகடிவுக்கு 2,472 ஓம், 2.4 கே-யோடு 72 ஓம் சேர்த்தால் சரி. அதன் குறுக்கே மீட்டர். பேஸைத் தொங்கவிட்டு ஒரு அளவு, பேஸிலிருந்து 2.2 மெக் ரெசிஸ்டரை நெகடிவுக்குக் கொடுத்து இன்னொரு அளவு. முதலில் 0.30, பிறகு 1.15 வோல்ட் என்றால் வித்தியாசம் 0.85, நூறால் பெருக்கினால் உண்மையான கெயின் 85. அந்த 0.30 சுமார் 120 மைக்ரோ ஆம்பியர் ஒழுக்கு, பொறுத்துக்கொள்ளலாம். 300 தாண்டினால் ஒதுக்குங்கள். ஃபஸ் ஃபேஸில் முதல் இடத்துக்கு எழுபது எண்பது, இரண்டாம் இடத்துக்கு நூற்றிருபது பக்கம் கெயின் இருந்தால் சௌகரியம்.

அளக்கும்போது குப்பியை விரலால் பிடித்துப் பாருங்கள், எண் ஏறிக்கொண்டே போகும். ஜெர்மானியத்தின் ஒழுக்கு ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இரட்டிப்பாகும். லண்டனில் இருபது டிகிரி அறையில் அளந்த குப்பி, சென்னையின் நாற்பது டிகிரி மே மாதத்தில் நான்கு மடங்கு ஒழுகும். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பேட்டரியில் பாதி, அதாவது நாலரை வோல்ட் நிற்க வேண்டும். சூட்டில் அது நழுவும். சுரம் முழுதாக வராமல் துப்பித் துப்பி அறுந்து போகும். ஜெர்மானியத்தின் ‘கதகதப்பு’ பற்றி எழுதியிருப்பதெல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. என் கட்சி இதுதான்: ஏசி போட்ட ஸ்டுடியோவுக்கு ஏசி 128, திறந்தவெளி மேடைக்கு சிலிக்கான். பிசி 108, 109 போன்ற உலோகக் குப்பி சிலிக்கான்களை 1964இல் தொடங்கிய நம் நாட்டு கான்டினென்டல் டிவைஸ் நிறுவனமே செய்திருக்கிறது. ஹெண்ட்ரிக்ஸின் காலத்திலேயே ஃபஸ் ஃபேஸ் சிலிக்கானுக்கு மாறிவிட்டது என்பதை ஜெர்மானிய பக்தர்கள் சத்தமாகச் சொல்வதில்லை.

சுற்று ஆயிற்று, காலால் மிதிக்கிற பொருளுக்குச் சட்டை வேண்டும். இங்கேதான் ஈக்காட்டுத்தாங்கல் வருகிறது. 1958இல் உருவான கிண்டி தொழிற்பேட்டையின் ஓரத்தில், அடையாற்றுக்குப் பக்கத்தில், லேத், ஷீட் மெட்டல், பவுடர் கோட்டிங் என்று பட்டறைகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஊர். டிவி அலுவலகமும் ஐடி கட்டடமும் மெட்ரோவும் வந்த பிறகும் டீக்கடை பெஞ்சில் அடையாள அட்டைக்காரரும் கிரீஸ் கைக்காரரும் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். 2015 டிசம்பரில் ஆறு ஏறி வந்து இந்தப் பகுதியின் இயந்திரங்களை முக்கி எடுத்தது. சிறுபட்டறைகள் அதிலிருந்து எழுந்துவரப் பட்ட பாடு தனிக் கதை.

பட்டறையில் வரும் முதல் கேள்வி, “எத்தனை பீஸ் தம்பி?” ஒன்று என்றால் முகம் சுருங்கும். எனவே நண்பர்கள் சேர்ந்து பத்தாகப் போவது நல்லது. இரண்டு மில்லி அலுமினியத் தகட்டை வெட்டி வளைத்தால் மிதி தாங்கும். மிதி ஸ்விட்சுக்கு 12 மில்லி துளை, குமிழ்களுக்கு 7, ஜாக்குக்குப் பத்து. துளை எல்லாம் போட்ட பிறகுதான் கோட்டிங்; அந்த அடுப்பு 180, 200 டிகிரியில் ஓடும், உள்ளே ஒரு கம்பிகூட இருக்கக் கூடாது. நிறத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். யாரோ ஒருவரின் பேனல் போர்டுகளுக்குச் சாம்பல் நிறம் ஓடும் நாளில் உங்கள் பத்துப் பெட்டியும் அதே கம்பியில் தொங்கினால் கூலி குறையும்.

வீட்டுக்கு வந்ததும் டாட் போர்டில் சால்டரிங். ஜெர்மானியத்தின் காலில் பற்ற வைக்கும்போது மூக்குக் குறடால் காலைப் பிடித்துக்கொண்டால் சூடு மேலே ஏறாது. சாக்கெட் போட்டுச் செருகுவது இன்னும் உத்தமம். இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 8.2 கே ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் ஒரு மாறும் ரெசிஸ்டர் வைத்து, அதன் குமிழை வெளியிலேயே நீட்டிவிடுங்கள். கத்தரி வெயிலில் ஒரு பக்கம், மார்கழியில் மறுபக்கம் திருப்ப வேண்டியிருக்கும். ஏசி 128 பிஎன்பி வகை என்பதால் அசல் சுற்றில் பாசிடிவ்தான் கிரவுண்டு. மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் ஷார்ட் ஆகும். தனி பேட்டரி கொடுங்கள், வரிசையில் கிட்டாருக்கு அடுத்து முதல் ஆளாக வையுங்கள்.