மேட்டூர்த் தனிமங்கள்

சேலம் மாவட்டம் மேட்டூரில் தொழிற்சாலைச் சரக்காக மாறிய நான்கு தனிமங்கள்: சோடியம், குளோரின், அலுமினியம், கேலியம். முதல் மூன்றும் தனிம அட்டவணையின் மூன்றாம் வரிசையில் உள்ளவை. அணு எண்கள் முறையே 11, 17, 13. கேலியம் (31) அலுமினியத்துக்கு நேர் கீழே இருக்கிறது.

1934இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை முதன்மையாகப் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. மூன்றாண்டுகளில் மின் உற்பத்தியும் தொடங்கியது. அந்த மின்சாரத்தை நம்பி 1936இலேயே மேட்டூர் கெமிக்கல் அண்டு இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷன் பதிவாகியிருந்தது. மூலப்பொருள் சாதாரண உப்பு.

உப்பைப் பிரிக்க மின்சாரம் எதற்கு? சோடியம் அணுவின் எலெக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன; குளோரினில் 2, 8, 7. கடைசி ஒன்றைச் சோடியம் எளிதில் விட்டுவிடும், குளோரின் அதை வாங்கிக்கொள்ளும். வாங்கியதைத் திரும்பப் பிடுங்கத்தான் மின்சாரம். வேடிக்கை என்னவென்றால், ஜே. ஜே. தாம்சன் 1897இல் எலெக்ட்ரானைக் கண்டறியும் முன்பே உப்புநீரை மின்னாற்பகுக்கும் தொழில் ஐரோப்பாவில் வேரூன்றிவிட்டது. அணு எண்ணே அட்டவணையின் அடிப்படை என்று இயற்பியலாளர் மோஸ்லி 1913இல் காட்டியதெல்லாம் அதற்கும் பிறகுதான்.

மேட்டூரில் நெடுங்காலம் இருந்தவை பாதரசக் கலங்கள். நீண்ட தொட்டியின் சரிந்த தரையில் பாதரசம் மெல்லிய படலமாக ஓடும், மேலே உப்புநீர். குளோரின் வாயுவாக மேலெழும். எலெக்ட்ரானைத் திரும்பப் பெற்ற சோடியம் பாதரசத்தில் கரைந்து அடுத்த கலத்துக்குப் போய், தண்ணீரைச் சந்தித்துக் காஸ்டிக் சோடா ஆகும். பாதரசம் நஞ்சு என்பதால் பின்னாளில் சவ்வுக் கலங்கள் வந்தன.

அலுமினியத்தின் கணக்கு கடினமானது. ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று எலெக்ட்ரான்களைத் தந்தாக வேண்டும்; ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் பிடிக்கும். 1960களில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, ஊர்வழக்கில் மால்கோ, ஏற்காடு, கொல்லிமலையின் அலுமினியத் தாதுவான பாக்சைட்டைக் கொண்டு இங்கே உருக்காலை நடத்தத் தொடங்கியது.

பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் கரைக்கும்போது அலுமினியத்தோடு சிறிதளவு கேலியமும் கரைசலுக்கு வந்துவிடும். இரண்டுக்கும் வெளிக்கூட்டில் மூன்று எலெக்ட்ரான்கள், குணமும் ஒத்துப்போகும். தனிம அட்டவணையை வகுத்த மெண்டெலீவ் 1871இல், அலுமினியத்தின் கீழிருந்த வெற்றிடத்துக்கு உரிய தனிமத்தின் அடர்த்தி ஏறத்தாழ 5.9 இருக்கும் என்று கணித்தார். 1875இல் கேலியத்தைக் கண்டறிந்த பிரெஞ்சு வேதியியலாளர் புவாபோத்ரான் அளந்தது 4.7. மறுபடி அளக்கச் சொன்னார் மெண்டெலீவ், வந்தது 5.9! தனிமத்தைக் கண்ணால் காணாதவர் கண்டவரைத் திருத்திய இந்த நிகழ்ச்சியே அட்டவணைக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி எனலாம்.

இந்தியாவில் கேலியம் பிரித்தெடுத்த மிகச் சில ஆலைகளில் மால்கோவும் ஒன்று. கேலியத்தின் உருகுநிலை ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ். மேட்டூர் கோடையில் வெளியே வைத்தாலே உருகிவிடும். 2008இன் இறுதியில் மால்கோவின் அலுமினிய உற்பத்தி நின்றது. பாக்சைட் கரைசல் இல்லாமல் கேலியத்துக்கும் வழியில்லை.