கற்கோட்டையும் சொற்கோட்டையும்

கோடை விடுமுறையைக் கழிக்க வேல்ஸ் நாட்டின் வடபுலத்துச் சிற்றூர்களுக்குச் செல்வோர், சில நாள்களுக்குள் நான்கு பெருங்கோட்டைகளைக் கண்டு திரும்பலாம். ஆறு கடலோடு கலக்குமிடத்தில் கான்வி; மெனாய் நீரிணையின் கரையில் கெர்னார்வன்; செங்குத்துப் பாறையின் மேல் ஹார்லெக்; ஆங்கிள்சி தீவின் தாழ்நிலத்தில் பியூமாரிஸ். ஆட்டு மந்தைகள் மேயும் பசும்புல் வெளிகளுக்கப்பால் இவை நிமிர்ந்து நிற்கும் காட்சி எவரையும் கவரும். 1986ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது. ஆயினும் இவை அழகு கருதி எழுப்பப்பட்டவை அல்ல. ஒரு மக்களினத்தை அடக்கியாள எழுப்பப்பட்டவை.

1282 டிசம்பர் 11ஆம் நாள், வேல்ஸ் மக்களின் இளவரசன் லூவெலின் அப் கிரிஃபித், கில்மெரி என்னும் ஊரருகே கொல்லப்பட்டான். 1284இல் ஆங்கிலேய மன்னன் முதலாம் எட்வர்டு, ரட்லன் சட்டத்தின் வழியே அந்நாட்டைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான். சட்டத்தைக் காக்கக் கல் வேண்டியிருந்தது. சவாய் நாட்டிலிருந்து வந்த செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸ் என்னும் தலைமைக் கட்டடக் கலைஞர் கோட்டைப் பணிகளை நடத்தினார். எட்டு உருண்டைக் கோபுரங்கள் கொண்ட கான்விக் கோட்டைக்கும் அதன் நகர மதிலுக்கும் ஏறத்தாழ 15,000 பவுன் செலவாயிற்று. அம்மதிலுக்குள் குடியுரிமை ஆங்கிலக் குடியேறிகளுக்கே வழங்கப்பட்டது. மண்ணின் மைந்தர் வெளியே நிறுத்தப்பட்டனர். கெர்னார்வன் கோட்டையின் நிறவரிக் கற்சுவர்கள் கான்ஸ்டாண்டிநோபிளின் மதிலை நினைவூட்டுவன. வென்றவன் தன்னைப் பேரரசனாகக் காட்டிக்கொள்ள விரும்பினான் போலும். 1295இல் தொடங்கிய பியூமாரிஸ், பணமின்மையால் இறுதிவரை முற்றுப்பெறவேயில்லை.

இக்கோட்டைகளைச் சுற்றி ஒரு கதை நெடுங்காலமாக உலவி வருகிறது. பாணர்களின் பாடல்கள் மக்களைக் கிளர்ந்தெழச் செய்யும் என்று அஞ்சிய எட்வர்டு, அவர்கள் அனைவரையும் கொல்லும்படி ஆணையிட்டான் என்பதே அக்கதை. 1757இல் ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரே, கான்வி ஆற்றின் மேலுள்ள பாறையில் நின்று மன்னனைச் சபிக்கும் கடைசிப் பாணனைத் தம் கவிதையில் படைத்தார். ஐரோப்பா முழுவதும் அக்கதை பரவ அக்கவிதை வழிவகுத்தது.

சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, அக்கதை ஹங்கேரியில் மறுபிறவி எடுத்தது. 1849இல் ஹங்கேரியரின் விடுதலைப் போரை ஒடுக்கிய பேரரசர் பிரான்ஸ் ஜோசப், 1857இல் அந்நாட்டுக்கு வருகை தந்தார். வாழ்த்துப்பா எழுதுமாறு கேட்கப்பட்ட கவிஞர் யானோஷ் அரனி அதற்கு இசையவில்லை. வாழ்த்துக்கு மாறாக அவர் பாடியது வேல்ஸ் பாணர்களின் கதையை. விருந்தில் அமர்ந்த எட்வர்டு புகழ்ப்பாட்டு கேட்கிறான். பாணர்கள் மறுத்து, ஒருவர் பின் ஒருவராகத் தீயில் இறங்குகின்றனர். அவர்களின் தொகை ஐந்நூறு. 1863இல் அச்சேறிய அப்பாடல் இன்றும் ஹங்கேரிய மாணவர்க்குப் பாடமாக உள்ளது. எட்வர்டு எவரைக் குறித்தான் என்பதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை அன்று எவருக்கும் இருந்ததில்லை.

அக்கொலை நடந்ததற்கு அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை. கிரிஃபித் அப் அர் அனாட் கோக் என்னும் புலவர் லூவெலினுக்குப் பாடிய இரங்கற்பா இன்றுவரை நிலைத்துள்ளது. அடுத்த நூற்றாண்டில்தான் வேல்ஸ் மொழியின் பெருங்கவிஞர் டாவிட் அப் குவிலிம் தோன்றினார். மன்னரவை அழிந்தபின் புலவர்கள் நிலக்கிழார் இல்லங்களை நாடினர், பாட்டின் நடை மாறியது, பாட்டு நிற்கவில்லை. ஆனால் அச்சம் கற்பனையன்று. ஓவைன் கிளிண்டூரின் கிளர்ச்சி மூண்டிருந்த வேளையில், 1402இல், ஊர்சுற்றிப் பாடுவோரைத் தடைசெய்து ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டமியற்றியது. கொலை நடவாதது, தடை நடந்தது. இவ்விரண்டையும் பிரித்தறிவது வரலாற்றின் கடமை. நடவாத ஒன்று இரு மொழிகளில் ஏன் உயிர்பெற்றது என்று கேட்பதும் அதன் கடமையே.

விடுமுறைப் பயணிகள் பலர் தவறவிடும் கோட்டை ஒன்று மேற்குக் கரையில் உண்டு. வேல்ஸ் தலைவன் ரீஸ் அப் கிரிஃபித் 1171இல் கல்லால் எடுத்துக் கட்டிய கார்டிகன் கோட்டை அது. 1176ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே அவன் புலவர்க்கும் இசைவாணர்க்கும் போட்டி நடத்தினான். அச்செய்தி ஓராண்டு முன்னதாகவே நாடெங்கும் அறிவிக்கப்பட்டிருந்தது. வென்ற புலவர்க்கும் இசைவாணர்க்கும் ஆளுக்கொரு நாற்காலி பரிசு. ஐஸ்டெத்வோட் என வழங்கும் இன்றைய தேசியக் கலைவிழா தன் மூலத்தை இந்நிகழ்ச்சியிலேயே காண்கிறது. மரபுப்பாவில் வெல்லும் கவிஞருக்கு இன்றும் ஒரு நாற்காலியே அளிக்கப்படுகிறது. பல்லாண்டு பாழடைந்து கிடந்த அக்கோட்டை புதுப்பிக்கப்பட்டு 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது.

எட்வர்டின் கோட்டைகள் இன்று கூரையின்றி நிற்கின்றன. கெர்னார்வன் மதிலுக்குள் ஒரு காலத்தில் இடம் மறுக்கப்பட்ட மொழி, இன்று அந்நகரத் தெருக்களிலும் கடைகளிலும் இயல்பாக ஒலிக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரம் அமைந்த குவினெத் பகுதியில் நூற்றுக்கு 64 பேர் வேல்ஸ் மொழி பேசுவோர். நாடு முழுவதும் கணக்கிட்டால் நூற்றுக்கு 18 பேரே. வென்றது எது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆயினும் பல்லாயிரம் பவுன் செலவில் எழுந்த மதில்கள் காட்சிப்பொருளாகிவிட்டன. ஒரு புலவனுக்கு இட்ட நாற்காலி இன்னும் ஆண்டுதோறும் புதிதாகச் செய்யப்படுகிறது.