சிறுநீரக நோயாளிகளிடம் காசநோய்: மறையும் அறிகுறிகளும் மாறும் மருந்துமுறையும்

1. பின்னணி

சிறுநீரகம் செயலிழந்தால் இரத்தத்தில் தேங்கும் கழிவுகள், காசக்கிருமியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் டி-செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்களை மழுங்கச் செய்கின்றன. ஊட்டக்குறைவும் வைட்டமின் டி பற்றாக்குறையும் சேர்ந்துகொண்டால், என்றோ தொற்றி அடங்கிக் கிடந்த கிருமி மீண்டும் பெருகுகிறது. டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பிறரைவிடப் பல மடங்கு அதிகம்.

2. கண்டறிதல்

தாமதம் நேர்வது பெரும்பாலும் இங்கேதான். பசியின்மை, சோர்வு, மெலிவு ஆகியவை சிறுநீரக நோய்க்கும் உரியவை. ஆகவே எல்லாம் அதன் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. எடை இயந்திரமும் உதவாது. தசை கரைந்த அளவுக்கு உடலில் நீர் சேர்ந்துவிட்டால் எடை மாறாமலே நிற்கும். இருமலுக்காகக் காத்திருப்பதும் வீண். இவர்களிடம் நோய் நுரையீரலை விட்டு நிணநீர்க்கணுக்களிலும் வயிற்று உறையிலும் நுரையீரல் உறையிலும் தங்குவது அதிகம். வயிற்றில் நீர் கோத்தால், டயாலிசிஸில் கூடுதலாக நீரை எடுத்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு.

மாண்டூ தோல் சோதனையில் தடிப்பு எழவில்லை என்பதற்காக நோயில்லை என்று முடிவுகட்டுவதே, என் கணிப்பில், ஆகப் பெரிய பிழை. தடிப்பை எழுப்ப வேண்டிய எதிர்ப்பாற்றலே அங்கு குன்றியிருக்கிறது. காரணம் புரியாத காய்ச்சல் நீடித்தால் கணுவிலிருந்தோ உறையிலிருந்தோ திசு எடுத்துச் சோதிப்பதுதான் முறை.

3. மருந்து

ஐசோனியாசிடும் ரிஃபாம்பிசினும் பெரும்பாலும் கல்லீரல் வழியே கழிவதால் வழக்கமான அளவே போதும். எத்தாம்புட்டால் சிறுநீரகத்தை நம்பியது. தேங்கினால் பார்வை நரம்பைத் தாக்கும். பைராசினமைடின் சிதைபொருள்களும் தேங்கும். இவ்விரண்டிலும் ஒரு வேளைக்கான அளவைக் குறைப்பதைவிட இடைவெளியை நீட்டுவதே சரி: வாரம் 3 முறை, டயாலிசிஸ் முடிந்த பிறகு. முன்னரே கொடுத்தால் மருந்தின் ஒரு பகுதியை இயந்திரமே வெளியேற்றிவிடும். நான்கு மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரையைத் தினமும் தருவது இவர்களுக்குப் பொருந்தாது. ஐசோனியாசிடால் நரம்பு கெடாமலிருக்க பைரிடாக்சின் உடன் வேண்டும்.

4. மாற்றுச் சிறுநீரகம்

ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகளின் இரத்த அளவைச் சரித்துவிடும். அதனால் காசநோய் தணியும்போதே மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கலாம். தூண்டல் குறைந்த ரிஃபாபுடின் ஒரு மாற்று வழி. சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போதும் கவனம் தேவை: தூண்டலை ஈடுகட்ட உயர்த்தி வைத்திருந்த டாக்ரோலிமஸ் அப்போது நச்சளவை எட்டும்.

5. காசமல்லாத மைக்கோபாக்டீரியங்கள்

1982-இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு டயாலிசிஸ் மையத்தில் 140 நோயாளிகளில் 27 பேருக்கு, காசக்கிருமியின் உறவினமான, ஆனால் காசநோயை உண்டாக்காத மைக்கோபாக்டீரியத் தொற்று ஏற்பட்டது. மறுபயன்பாட்டுக்காகக் கழுவிய வடிகட்டிகளில், நீரில் வாழும் இக்கிருமி கிருமிநீக்கத்துக்குத் தப்பியிருந்தது. வயிற்றுவழி டயாலிசிஸ் குழாயின் வாயிலிலும் இது குடியேறும். நுண்ணோக்கியில் இதுவும் காசக்கிருமியைப் போலவே தெரியும். வழக்கமான காசமருந்துகளுக்கோ பெரும்பாலும் அடங்காது. வளர்ப்புச் சோதனையில் இனத்தை உறுதிசெய்து, தேவையெனில் குழாயையும் அகற்ற வேண்டியிருக்கும்.