வரம்பும் சீர்மையும்: பெல்லட் கணப்படுப்புக்காரர்கள் ஆலைகளிடம் கேட்பது

புது அரிசிக்கு ஓர் அளவு தண்ணீர், பழைய அரிசிக்கு வேறு அளவு. எந்த அரிசி என்று தெரிந்துவிட்டால் சமைப்பவருக்குச் சிக்கல் இல்லை. ஒரே மூட்டையில் இரண்டும் கலந்து வந்தால்தான் பாதி குழையும், பாதி விறைக்கும். இரண்டும் நல்ல அரிசியாக இருந்தும் சோறு கெடும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மாநிலங்களிலும் வட இத்தாலியிலும் மரத்தூள் பெல்லட்டை எரித்து வீட்டைச் சூடேற்றுவோரின் குறைகளில் பெரும்பகுதி இந்த வகையைச் சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆலைகள் அவர்களுக்கு உயர்தரத்தை விற்கின்றன. தர அளவைகளும் அதையே வரையறுக்கின்றன. அடுப்பின் அமைப்போ சீர்மையைக் கேட்கிறது.

பெல்லட் என்பது அறுவை ஆலைத் தூளை உலர்த்தி, எஃகு அச்சின் துளைகள் வழியே பிதுக்கி எடுக்கும் குச்சி. தடிமன் 6 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பசை வேண்டியதில்லை. அழுத்தத்தில் எழும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறியதும் தானே இறுகிப் பிடித்துக்கொள்ளும். 1970களின் எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்காவில் இது தொழிற்சாலை பாய்லர்களுக்கான எரிபொருளாகத்தான் எடுபட்டது. பாய்லருக்கு ஆள் உண்டு. தீயின் நிறத்தைப் பார்த்துக் காற்றைக் கூட்டுவார், குறைப்பார். 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில், போயிங்கில் பணியாற்றிய ஜெர்ரி விட்ஃபீல்ட் என்ற பொறியாளர் இந்தக் குச்சியை வீட்டுக் கூடத்தில் எரிக்கும் அடுப்பை உருவாக்கினார். எரிபொருள் வீட்டுக்குள் வந்தது. பாய்லர்காரர் கூட வரவில்லை.

அவருடைய இடத்தில் இருப்பது ஒரு திருகுத்தண்டு. மேலே ஏறக்குறைய ஒரு மூட்டை கொள்ளும் தொட்டி, அதன் அடியில் தண்டு. சில விநாடி சுழலும், சில விநாடி நிற்கும். ஒவ்வொரு சுழற்சிக்கும் கொஞ்சம் பெல்லட் எரிகிண்ணத்தில் விழும். விசிறி காற்றை ஊதும். தண்டுக்கு எடை தெரியாது, கொள்ளளவு மட்டுமே தெரியும். சாதாரணக் கூடத்து அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் விழுந்தது எவ்வளவு என்று பார்த்துக் காற்றைத் திருத்தும் உணர்வி கிடையாது. நீளமான குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே கிடந்து இடைவெளி விடும். குட்டையானவை நெருங்கி அடையும். விசையைத் தொடாமலேயே தீ மாறும். எரிபொருள் கூடினால் கண்ணாடி கரிபடியும். குறைந்தால் கிண்ணம் காலியாகி, மிகைக் காற்று சூட்டைப் புகைபோக்கிக்கு அள்ளிக்கொண்டு போகும்.

இதை மனத்தில் வைத்துத் தர அளவைகளைப் படித்தால் ஓர் உண்மை உறைக்கும். அமெரிக்கப் பெல்லட் எரிபொருள் நிறுவனத்தின் 'பிரீமியம்' தரம் சாம்பலுக்கு 1 விழுக்காடு, ஈரத்துக்கு 8 விழுக்காடு, தூளுக்கு 0.5 விழுக்காடு என மேல்வரம்பு வைக்கிறது. திணிவுக்கு இருபக்க வரம்பு வைக்கிறது. ஐரோப்பாவின் ஈஎன்பிளஸ் சான்றிதழ் முறையில் அந்த வரம்பு கன மீட்டருக்கு 600 முதல் 750 கிலோ, அதாவது இரு முனைகளுக்கும் இடையே 25 விழுக்காடு. இந்த வார மூட்டை கீழ் முனையிலும் அடுத்த வார மூட்டை மேல் முனையிலும் இருந்தால் இரண்டும் சான்றிதழுக்கு உரியவை; அடுப்புக்கு அவை இரண்டு வேறு எரிபொருள்கள். அடுப்புக்குள் நுழையவே கூடாததை வரம்பு தடுத்துவிடுகிறது. நுழைந்தவை தமக்குள் எவ்வளவு மாறலாம் என்பதைப் பற்றி அது பேசுவதில்லை.

தூள் அடுத்த வழக்கு. அரை விழுக்காடு என்பது தாளில் சிறிய எண். 40 பவுண்டு மூட்டையில் அது 90 கிராம், ஒரு பெரிய டம்ளர் நிறைய. குச்சிகள் இறங்க இறங்கத் தூள் தொட்டியின் சரிவிலும் மூலையிலும் தங்கும். பல மூட்டைகளின் தூள் சேர்ந்து, தொட்டி காலியாகும் ஒருநாள் மொத்தமாகத் திருகில் இறங்கித் தீயை மூடிவிடும். அதனால்தான் பலர் சல்லடை வைத்த பெட்டியில் மூட்டையைக் கவிழ்த்து, குலுக்கி, பிறகே அடுப்பில் கொட்டுகிறார்கள். சமையலறை நொய் புடைக்கும் வேலைதான், சனவரிக் குளிரில் கார்க் கொட்டகையில் நின்று செய்வது. ஆலையின் சோதனை வேறு: 500 கிராம் பெல்லட்டைப் பெட்டியிலிட்டு, நிமிடத்துக்கு 50 சுற்று வீதம் 10 நிமிடம் உருட்டி, சலித்து, மிஞ்சியதை நிறுத்துப் பார்ப்பார்கள். ஈஎன்பிளஸ் முதல்தரத்தில் 98 விழுக்காடு முழுதாக நிற்க வேண்டும், அமெரிக்கப் பிரீமியத்தில் 96.5. ஆலை வாசலைத் தாண்டியபின் லாரியும் ஃபோர்க்லிஃப்டும் கடைக்காரரின் எறிதலும் செய்யும் சோதனைக்கு யார் பொறுப்பு? ஐரோப்பிய முறை வணிகரையும் சான்றிதழ் வட்டத்துக்குள் இழுத்திருக்கிறது. எனக்கு அது சரியான வழியாகப் படுகிறது.

சாம்பலுக்கு வருவோம், குறைகள் அதிகம் குவிவது இங்கேதான். கடும் குளிர்காலத்துக்கு மூன்று டன், அதாவது நூற்றைம்பது மூட்டை எரிக்கும் வீட்டில், சாம்பல் 1 விழுக்காடானால் 27 கிலோ அள்ள வேண்டும். அரை விழுக்காடானால் அதில் பாதி. இரண்டுமே 'பிரீமியம்'. ஆனால் அள்ளும் அளவைவிட அதன் தன்மையே முதன்மை. தூய மரத்தின் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. எளிதில் உருகாது, பஞ்சுபோலப் பறந்துவிடும். காட்டில் மண்ணில் இழுபட்ட மரத்தின் பட்டையும் அதில் ஒட்டிய மணலும் சேர்ந்தால், மணலின் சிலிக்காவும் பொட்டாசியமும் கூடித் தாழ்ந்த சூட்டிலேயே உருகும். காலையில் எரிகிண்ணத்தின் அடியில் கொல்லன் உலைக் கிட்டம்போல ஒரு கருஞ்சாம்பல் கட்டி ஒட்டிக் கிடக்கும்; நுரைத்து இறுகியது, ஓட்டைகள் நிறைந்தது, அடியிலுள்ள காற்றுத் துளைகளை அடைத்தபடி. உளியால் நெம்பினால்தான் வரும். சாம்பல் விழுக்காடு குறைந்த மூட்டையும் இந்தக் கட்டியைத் தரலாம். ஈஎன்பிளஸ் முதல்தரம் சாம்பலின் உருக்குலைவு வெப்பநிலை 1200 பாகைக்குக் கீழே இறங்கக் கூடாது என்கிறது. அமெரிக்க அளவை அதற்கு வரம்பு வைக்கவில்லை. 2015இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கொண்டுவந்த விதி, சான்று பெற்ற அடுப்புகளில் தரச்சான்றுள்ள பெல்லட்டே எரிக்க வேண்டும் என்றபோதும் சாம்பலின் அளவுக்கு 2 விழுக்காடு என்று வரம்பு வைத்ததே ஒழிய, அது உருகும் சூட்டைத் தொடவில்லை.

மரத்தின் வகை பற்றி ஆலைகளே வளர்த்த ஒரு நம்பிக்கையும் உண்டு: கடின மரம் அதிகச் சூடு தரும் என்பது. விறகுக்கு அது பொருந்தும், ஏனெனில் ஓக் கட்டை கனமானது. தூளாக்கி ஒரே அழுத்தத்தில் பிதுக்கியபின் அந்தக் கன வேறுபாடு பெரிதும் மறைந்துவிடும். பிசினும் லிக்னினும் மிகுந்த ஊசியிலை மரம் கிலோவுக்குச் சற்றுக் கூடுதல் சூடே தரும். டக்ளஸ் ஃபர் பெல்லட்டைக் கண்டம் கடந்து வரவழைத்து எரிக்கும் கிழக்குக் கரைக்காரர்கள் இதை எரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர்கள்.

மரம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி சிலருக்கு வெறும் ஆர்வமாகத் தோன்றலாம். 2009 ஜூனில் இத்தாலியின் ஆவோஸ்தாவில், லிதுவேனியாவிலிருந்து வந்த பெல்லட்டில் கதிரியக்கச் சீசியம்-137 இருப்பது தெரியவந்து, நாட்டின் பல பகுதிகளிலும் அந்தச் சரக்கு முடக்கப்பட்டது. சாம்பல் அரை விழுக்காடு என்றால், மரத்தில் இருந்து எரியாமல் தங்குவது எதுவும் கணக்குப்படி இருநூறு மடங்கு செறிந்து வாளியில் சேரும். அந்த வாளியைத் தோட்டத்தில் கொட்டுபவருக்குக் காட்டின் பெயர் தெரிய வேண்டியிருக்கிறது.

ஆலைக்காரரின் பக்கமும் பலவீனமானதல்ல. அவர் மரம் வளர்ப்பதில்லை; அடுத்தவர் அறுத்து உதிர்த்ததை வாங்குகிறார். 2008 வாக்கில் அமெரிக்க வீட்டுக் கட்டுமானம் சரிந்து அறுவை ஆலைகள் ஓய்ந்தபோது தூள் வரத்து அற்றது; முழு மரத்தையும் சில்லையும் அரைக்க வேண்டியதாயிற்று. 2013-14 கடுங்குளிருக்குப்பின் வடகிழக்கு மாநிலங்களில் தட்டுப்பாடு வந்து, ஆளுக்கு இத்தனை மூட்டை என்று கடைகள் அளந்து கொடுத்தன. 2022இல் உக்ரைன் போரால் ருஷ்ய, பெலாருஸ் மரவரத்து நின்று, இத்தாலியில் 15 கிலோ மூட்டை 10 யூரோவைக் கடந்தது. அப்போதெல்லாம் கிடைத்ததை வாங்கியவர்கள் சாம்பலை எடைபோடவில்லை. விலையும் குறைய வேண்டும், தரமும் கூட வேண்டும் என்ற இரட்டை நாக்கு வாங்குவோரிடம் உண்டு. கதவுப் பட்டி தேய்ந்து காற்று கசியும் அடுப்பை வைத்துக்கொண்டு பெல்லட்டைத் திட்டுவோரும், மூட்டையை ஈரத்தரையில் அடுக்கிவிட்டு ஆலையைக் குறை சொல்வோரும் குறைவில்லை.

அதனால்தான் ஆண்டு முழுவதும் ஒரே கலவை என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை, அது நடவாது. கலவை மாறலாம், மாறியது மூட்டையில் தெரிய வேண்டும். 'கடின மரம்', 'மென்மரக் கலவை' என்பதோடு நிற்காமல் எந்த மரம் எத்தனை பங்கு, எந்த ஆலை, எந்த நாள், எந்தத் தொகுதி, அந்தத் தொகுதியில் அளந்த சாம்பலும் திணிவும் எவ்வளவு என்று அச்சிடலாம். தரக் கட்டுப்பாட்டுக்காக ஆலை எப்படியும் இவற்றில் பெரும்பாலானவற்றை அளந்து ஏட்டில் எழுதத்தான் செய்கிறது. ஏட்டில் இருப்பதை மூட்டைக்குக் கொண்டுவர அதிகச் செலவு பிடிக்காது. இதற்கு வரும் எதிர்ப்பு அச்சுச் செலவைப் பற்றியதல்ல என்றே நினைக்கிறேன். ஒரே வணிகப் பெயரில் பல ஆலைகளின் சரக்கை விற்பவருக்கு அந்தப் பெயருக்குள் எத்தனை பெல்லட் இருக்கிறது என்பது வெளியே தெரிந்துவிடும்.

விவரம் தெரிந்த வீட்டுக்காரர் செப்டம்பரிலேயே நாலைந்து பெயர்களில் ஒவ்வொரு மூட்டை வாங்கி, தனித்தனியே எரித்து, சாம்பலை நிறுத்து, கண்ணாடியின் கரியைப் பார்த்து, ஒன்றைத் தேர்ந்து மூன்று டன்னுக்குச் சொல்லிவைக்கிறார். நவம்பரில் லாரி வந்து மூன்று பலகை அடுக்குகளை இறக்கிவிட்டுப் போகிறது. பெயர் அதே, படம் அதே, முத்திரை அதே. அவர் எரித்துப் பார்த்த மூட்டையும் இந்த நூற்றைம்பதும் ஒரே தொகுதியா என்று பார்க்க, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து மூட்டையைத் திருப்பித் திருப்பித் தேடுகிறார்.